ஒட்சிசனும் பத்தாயிரம் குழந்தைகளின் கண்களும்

பாடகர் ஸ்டீவி வொண்டரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1950 மே 13 இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சகினோ என்ற ஊரில், ஆறு வாரம் முந்திப் பிறந்தவர். இன்கியூபேற்றருக்குள் வைத்து ஒட்சிசன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். உயிர் தப்பியது, பார்வை போனது. அவர் தனி ஆள் இல்லை. 1940களின் தொடக்கத்திலிருந்து 1954 வரைக்கும் உலகம் முழுக்க ஏறத்தாழ 10,000 குறைமாதக் குழந்தைகள் இதே மாதிரிக் கண்ணை இழந்தார்கள். அதில் பெரும்பகுதி அமெரிக்காவில். நல்ல வசதியுள்ள, பேர் பெற்ற வைத்தியசாலைகளில்தான் கூடுதலாக நடந்தது.

கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் ஏன் விழித்திரையைப் பற்றி எழுதுகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். இது மருத்துவக் கதை மட்டும் இல்லை என்பதுதான் எங்கள் பதில். நல்லது செய்கிறோம் என்று முழுமனதாக நம்பிய மனிதர்கள், தாங்கள் செய்வது தீங்கு என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கண்டுபிடிக்க ஏன் பன்னிரண்டு வருடம் எடுத்தது? கண்டுபிடித்த பிறகு அடுத்த பிழை எங்கே நடந்தது? இவை வரலாற்றுக் கேள்விகள். ஆனால் இவற்றுக்குள் போக முதல், கருவில் கண் வளரும்போது அதைச் சுற்றிக் குருதிக்கலன்கள் எப்படி உருவாகின்றன என்று கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கருவில் கண்ணுக்குக் குருதி வரும் வழி

பிள்ளை கருவில் இருக்கும்போது கண்ணுக்குள் இரண்டு தரம் குருதிக்கலன்கள் வருகின்றன. முதலில் வருவது தற்காலிக ஏற்பாடு. கரு உண்டாகி இரண்டாவது மாதத்துக்குள், கண்ணின் பின்பக்கத்தால் ஒரு சிறு நாடி உள்ளே நுழைந்து, கண்ணின் நடுவே உள்ள ஜெலி போன்ற பகுதியைக் கடந்து, வில்லையை வலை மாதிரிச் சுற்றிப் பிடிக்கிறது. வளரும் வில்லைக்கு உணவு கொடுப்பது அதுதான். ஆனால் அது அங்கேயே இருந்தால் ஒளி உள்ளே போக முடியாது. ஆகவே நாலாம் மாதமளவில் அது சுருங்கத் தொடங்கி, பிள்ளை பிறக்க முதல் மறைந்துவிடுகிறது. கட்டடம் கட்டும்போது சாரம் கட்டி, பிறகு கழற்றுவது போல.

இரண்டாவது ஏற்பாடு நிரந்தரமானது. விழித்திரையின் வெளிப்பகுதிக்குப் பின்னால் உள்ள படலத்திலிருந்து குருதி கிடைக்கும். ஆனால் உட்பகுதிக்கு முதல் மூன்று நான்கு மாதத்துக்குச் சொந்தமாக ஒரு குருதிக்கலனும் இல்லை. நாலாம் மாதமளவில், பார்வை நரம்பு கண்ணுக்குள் வரும் இடத்திலிருந்து சிறு கலன்கள் புறப்பட்டு, விளிம்பை நோக்கி மெதுவாகப் பரவுகின்றன. மூக்குப் பக்க விளிம்பை எட்டாம் மாதமளவில் தொடுகின்றன. காதுப் பக்க விளிம்பு தூரம் கூடியது. அங்கே போய்ச் சேர ஏறத்தாழப் பிறக்கும் நேரம் ஆகிவிடும்.

அப்ப, ஏழு மாதத்தில் ஒரு பிள்ளை பிறந்தால்? அந்தப் பிள்ளையின் விழித்திரையில் குருதிக்கலன்கள் பாதி வழியில் நிற்கும். மிச்ச வளர்ச்சி வெளியுலகக் காற்றில் நடக்க வேண்டும். நடந்த அத்தனையும் இந்த ஒரு விஷயத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் 1940களில் இதை யாரும் இப்படிக் கோர்த்துப் பார்க்கவில்லை.

பொஸ்ரனில் ஒரு சாம்பல் படலம்

1941 இல் பொஸ்ரன் நகரில் சில குறைமாதக் குழந்தைகளின் கண்மணிக்குப் பின்னால் சாம்பல் நிறப் படலம் இருப்பதைப் பார்த்தார்கள். கண் வைத்தியர் தியடோர் டெரி 1942 இல் அதைப் பற்றி முதலில் எழுதினார். மூன்று வருடத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் விபரம் அவரிடம் சேர்ந்தது. நோய்க்கு 'ரெட்ரோலென்டல் பைப்ரோபிளேசியா' என்று பேர் வந்தது. வில்லைக்குப் பின்னால் நார்த்திசு வளர்தல் என்பதுதான் பொருள்.

டெரி போட்ட முதல் கணக்கு நியாயமானது. வில்லையைச் சுற்றியிருந்த பழைய குருதிக்கலன்கள், அந்தச் சாரம், கழலாமல் நின்றுவிட்டது என்று அவர் நினைத்தார். அதாவது கருவிலேயே தொடங்கிய குறை. அப்படியென்றால் வைத்தியசாலையில் நடந்த எதற்கும் தொடர்பில்லை. 1946 இல் அவர் இறந்துபோனார்.

பல்டிமோரில் வில்லியம் ஓவன்ஸ், எல்லா ஓவன்ஸ் என்ற தம்பதியினர் வேறு வேலை செய்தார்கள். குறைமாதக் குழந்தைகளின் கண்களைப் பிறந்தவுடன் பார்த்து, பிறகு திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். 1940களின் கடைசியில் அவர்கள் சொன்னது இதுதான்: பிறக்கும்போது கண் சரியாக இருக்கிறது, நோய் பிறகுதான் வருகிறது. இந்த ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றியது. காரணம் கருவில் இல்லை என்றால், பிறந்த பிறகு நாங்கள் செய்யும் ஏதோ ஒன்றில் இருக்கிறது.

எது என்றுதான் தெரியவில்லை. விற்றமின், இரும்புச் சத்து, பசும்பால், வெளிச்சம் என்று சந்தேகப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒட்சிசனை மட்டும் லேசில் சந்தேகிக்க மனம் வரவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. குறைமாதக் குழந்தை விட்டு விட்டு மூச்செடுக்கும். 70 சதவீத ஒட்சிசன் கொடுத்தால் அந்த மூச்சு சீராகிறது என்று 1942 இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நீலம் பாரித்த பிள்ளை கண்முன்னே ரோஸ் நிறமாகும். காற்று இறுக்கமாக அடைபடும் புதுவகை இன்கியூபேற்றர்களும் அந்தக் காலத்தில்தான் வந்தன. பிறகென்ன, வருத்தம் உள்ள பிள்ளை, இல்லாத பிள்ளை என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் வாரக்கணக்கில் ஒட்சிசன் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

ஒரு மருந்தின் கதை

இடையில் நியூயோர்க்கில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1949 இல் வில்லியம் சில்வர்மன் என்ற இளம் குழந்தை வைத்தியர், கண் கெட்டுக்கொண்டு போன ஒரு குழந்தைக்கு ஏ.சி.ரி.எச். என்ற ஹோர்மோனைக் கொடுத்துப் பார்த்தார். கண் தேறியது. பிறகு 31 பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் 25 பேர் நல்ல பார்வையோடு வீடு போனார்கள். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார்.  ஆகவே நிறக் குண்டுகளை எடுத்து எழுமாறாகப் பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். முடிவு: மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பார்வை இழந்தார்கள், பெறாதவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர். மருந்து பெற்றவர்களில் இறப்பும் கூட. உண்மை என்னவென்றால், இந்த நோய் தொடங்கினாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே மாறிவிடும். அதை மருந்தின் வெற்றி என்று எண்ணிவிட்டார்கள். சில்வர்மன் வாழ்நாள் முழுக்க இதை மறக்கவில்லை. அவரிடம் பிறகு வருவோம்.

சிக்கனம் காப்பாற்றிய கண்கள்

ஒட்சிசன் மீதான முதல் வலுவான சந்தேகம் அமெரிக்காவுக்கு வெளியில் இருந்து வந்தது. 1951 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் கேற் காம்பெல் என்ற வைத்தியர் மூன்று வைத்தியசாலைகளை ஒப்பிட்டார். ஒன்றில் ஒட்சிசன் தாராளம். மற்ற இரண்டில் செலவு கருதிச் சிக்கனம். தாராளமாகக் கொடுத்த இடத்தில் ஏறத்தாழ 19 சதவீதமான குழந்தைகளுக்கு நோய், சிக்கனமாகக் கொடுத்த இடங்களில் ஏறத்தாழ 7 சதவீதம்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் மேரி குரோஸ் என்ற வைத்தியரும் இதே மாதிரி ஒன்றைக் கவனித்தார். அங்கே முதலில் இந்த நோய் இல்லை என்றே சொல்லலாம். 1948 இல் தேசிய சுகாதார சேவை வந்தது, புதுக் கருவிகள் வாங்கக் காசு வந்தது, ஒட்சிசன் தாராளமானது. அதற்குப் பின்னால் நோயும் வந்தது.

காம்பெல், குரோஸ் இரண்டு பேரும் பெண்கள், இரண்டு பேரும் பெரிய ஆய்வுகூடம் இல்லாமல் வார்ட்டில் நின்று வேலை செய்தவர்கள். அவர்கள் செய்தது ஒரு கணக்கு மட்டும்தான்: யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், யாருக்கு என்ன நடந்தது. வறுமை எப்போதும் உயிரைப் பறிக்கும் என்றுதான் எங்களுக்குப் பழக்கம். இந்த இடத்தில் காசில்லாத வைத்தியசாலை, தனக்கே தெரியாமல், பிள்ளைகளின் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வறுமையைப் புகழ இதைச் சொல்லவில்லை. 'கூடக் கொடுத்தால் கூட நல்லது' என்ற எண்ணத்தை உடைக்க, கொடுக்க முடியாத ஓர் இடம் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் சொல்கிறோம்.

இரவில் குழாயைத் திறந்த தாதிகள்

வொஷிங்டனில் ஒரு நகர வைத்தியசாலையில் ஆர்னல் பட்ஸ் என்ற இளம் கண் வைத்தியர் இதைப் பரீட்சித்துப் பார்க்க நினைத்தார். குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வழக்கம் போல நிறைய ஒட்சிசன், மற்றப் பகுதிக்குத் தேவைக்கு மட்டும். பணம் கேட்டுப் போன இடத்தில் 'பிள்ளைகளைச் சாகடிக்கப் போகிறாய்' என்ற பயத்தில் கையை விரித்தார்கள்.

பரீட்சை தொடங்கிய பிறகு இன்னொரு சிக்கல். சில தாதிகள் இரவில், குறைந்த ஒட்சிசன் பெறும் பிள்ளைகளின் குழாயைத் தாங்களே கூட்டித் திறந்து வைத்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஒரு கிலோ நிறைகூட இல்லாத ஒரு பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது, காகிதத்தில் எழுதிய பரீட்சை விதியைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா? எங்களில் யார் அந்த இடத்தில் நின்றாலும் கை குழாய்க்குத்தான் போயிருக்கும். ஆனால் அந்தக் கை கொடுத்தது பார்வையைப் பறிக்கும் ஒன்றை. இரக்கம் உண்மையானது, விளைவும் உண்மையானது.

1952 இல் பட்ஸின் முடிவு வெளிவந்தது. கடுமையான நோய், நிறைய ஒட்சிசன் பெற்ற பிள்ளைகளில்தான் காணப்பட்டது. ஆனால் எண்ணிக்கை சிறியது, நம்பத் தயாராக இல்லாதவர்கள் நிறையப் பேர். ஆகவே 1953 யூலையில் 18 அமெரிக்க வைத்தியசாலைகள் சேர்ந்து ஒரு பெரிய பரீட்சையைத் தொடங்கின. மொத்தம் 786 குழந்தைகள், எல்லாரும் 1,500 கிராமோ அதற்குக் குறைவோ. முதல் மூன்று மாதம் மூன்றில் ஒரு பிள்ளைக்குப் பழைய முறையில் ஒட்சிசன், மற்ற இரண்டு பேருக்குக் குறைவாக. அதற்குப் பிறகு எல்லாருக்கும் குறைவாகத்தான். அதிகம் பெற்றவர்களில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு நிரந்தர வடு. குறைவாகப் பெற்றவர்களில் நூற்றுக்கு 7 பேர் அளவில். இறப்பில் இரண்டு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1954 செப்டெம்பரில் இதை அறிவித்தார்கள். ஒட்சிசன் குழாய்கள் மூடப்பட்டன. நோய் சடுதியாகக் குறைந்தது.

பூனைக்குட்டிகள் சொன்ன விடை

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கான விடை லண்டனில் கிடைத்தது. பூனைக்குட்டி பிறக்கும்போது அதன் விழித்திரையிலும் குருதிக்கலன்கள் பாதி வழியில்தான் நிற்கும், குறைமாதக் குழந்தை மாதிரி. நோர்மன் அஷ்ரன் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் பூனைக்குட்டிகளை 70, 80 சதவீத ஒட்சிசனில் சில நாட்கள் வைத்துப் பார்த்தார்கள். வளர்ந்துகொண்டிருந்த கலன்கள் ஒடுங்கி அடைபட்டு இல்லாமல் போயின. திரும்ப சாதாரண காற்றுக்கு எடுத்ததும் புதுக் கலன்கள் கட்டுக்கடங்காமல், போகக்கூடாத திசையில், கண்ணின் நடுப்பகுதிக்குள் முளைத்தன. பிள்ளைகளின் கண்ணில் வடுவாகி, விழித்திரையை இழுத்துக் கழற்றியது இந்த வளர்ச்சிதான்.

இதற்குச் சில வருடம் முதல், 1948 இல், கிளாஸ்கோவில் ஐசாக் மைக்கேல்சன் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார். விழித்திரையே ஏதோ ஒரு பதார்த்தத்தைச் சுரந்து குருதிக்கலன்களை வா என்று கூப்பிடுகிறது என்பது அவரது ஊகம். அந்தப் பதார்த்தம் என்னவென்று அப்போது தெரியாததால் 'காரணி எக்ஸ்' என்று அழைத்தார்கள்.

இன்றைக்கு அதற்குப் பேர் உண்டு. 1989 இல் நப்போலியோனே பெராரா என்ற விஞ்ஞானியின் குழு பிரித்தெடுத்துப் பேரிட்ட 'வி.ஈ.ஜி.எஃப்.' என்ற புரதம், குருதிக்கலன் வளரச் செய்தி கொண்டுபோகும் ஒன்று. விழித்திரைக் கலங்கள் வளர வளர அவற்றுக்கு ஒட்சிசன் போதாமல் வருகிறது. அந்தப் போதாமையை உணர்ந்த கலங்கள் இந்தப் புரதத்தைச் சுரக்கின்றன. அது இருக்கும் பக்கம் பார்த்துக் குருதிக்கலன் வளர்கிறது. குருதி வந்து சேர்ந்ததும் போதாமை தீர்கிறது, சுரப்பு குறைகிறது, முன்னரங்கு அடுத்த இடத்துக்கு நகர்கிறது. 1995 இல் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. புதிதாக முளைத்த கலன்கள் உயிரோடு இருக்கவும் இதே புரதம் வேண்டும்.

இப்போது திரும்பிப் பாருங்கோ. தாயின் வயிற்றில் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒட்சிசன் அழுத்தம் எங்கள் நாடிகளில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அது குறை இல்லை, கண் வளர வேண்டிய நிலையே அதுதான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை 70 சதவீத ஒட்சிசனுக்குள் வைத்தால், விழித்திரை 'எனக்குப் போதும்' என்று சொல்லிவிடுகிறது. அழைப்பு நிற்கிறது, வளர்ந்த கலன்களும் மடிகின்றன. பிறகு ஒட்சிசனை நிறுத்தியதும், கலன் இல்லாத விழித்திரை முழுக்க ஒரேயடியாக அவசர அழைப்பு விடுக்கிறது. வந்து சேர்வது ஒழுங்கான கலன்கள் அல்ல.

கணக்கில் வராதவர்கள்

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் அது ஒரு வெற்றிக் கதை. நாங்கள் படித்தபோது எங்களையே நிறுத்தி யோசிக்க வைத்தது இதற்குப் பிறகு வருவதுதான்.

1954 க்குப் பிறகு 40 சதவீதத்துக்கு மேல் ஒட்சிசன் கொடுக்கக்கூடாது என்பது கிட்டத்தட்டச் சட்டமாகிவிட்டது. ஆனால் அந்தப் பெரிய பரீட்சையில் குழந்தைகளைச் சேர்த்தது பிறந்து 48 மணித்தியாலத்துக்குப் பிறகு. முதல் இரண்டு நாளில் இறந்த பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. குறைமாதக் குழந்தைகள் அதிகம் இறப்பதோ அந்த முதல் இரண்டு நாளில். 'குறைந்த ஒட்சிசனால் இறப்புக் கூடவில்லை' என்ற முடிவு, இரண்டு நாள் தாண்டியவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அதை எல்லாப் பிள்ளைகளுக்கும், பிறந்த முதல் நிமிடத்திலிருந்தே பொருத்திவிட்டார்கள்.

1960 இலேயே, கட்டுப்பாடு வந்த பிறகு நுரையீரல் நோயால் இறக்கும் குறைமாதக் குழந்தைகள் கூடியிருப்பதாக ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 1973 இல் லண்டனைச் சேர்ந்த கென்னத் குரொஸ் 'லான்செற்' சஞ்சிகையில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என்பது அவரது கணக்கு. மதிப்பீடுதான், ஆனாலும் நெஞ்சில் குத்தும் எண். பார்வை இழந்த பிள்ளை வளரும், நடமாடும், எங்கள் முன் வந்து நிற்கும், பாட்டுப் பாடும். முதல் நாளே இறந்த பிள்ளை எங்கும் வந்து நிற்காது. யாரும் அதற்காக வழக்குப் பேசவும் இல்லை.

சில்வர்மன் 1980 இல் இந்த முழுக்கதையையும் ஒரு நூலாக எழுதினார். தன்னுடைய ஏ.சி.ரி.எச். கதையையும் மறைக்காமல் அதில் வைத்தார். ஒரு மருத்துவர், தன் துறையின் வரலாற்றைத் தன் பெயரையும் சேர்த்து எழுதியது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இன்னும் முடியவில்லை

சரியான அளவு எது என்று இப்போதாவது தெரியுமா? 2010 இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் பரீட்சையில், 28 வாரத்துக்கு முதல் பிறந்த குழந்தைகளை எழுமாறாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் குருதியில் ஒட்சிசன் நிரம்பல் 85 முதல் 89 சதவீதம், மற்றப் பகுதிக்கு 91 முதல் 95. குறைந்த அளவில் கடுமையான கண்நோய் 8.6 சதவீதம், கூடிய அளவில் 17.9. ஆனால் இறப்பு குறைந்த அளவில் 19.9 சதவீதம், கூடிய அளவில் 16.2. அறுபது வருடம் கழித்தும் அதே தராசு. ஒரு பக்கம் கண், மறுபக்கம் உயிர். இன்று பல இடங்களில் உயிரின் பக்கம் சாய்ந்து, கூடிய அளவை எடுத்துக்கொண்டு, கண்ணை விடாமல் பரிசோதிக்கிறார்கள். வேளைக்குக் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையாலோ, அந்தப் புரதத்தைக் கட்டுப்படுத்தும் ஊசியாலோ பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம்.

நோயும் இடம் மாறிவிட்டது. லத்தீன் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் வார்ட்டுகள் வேகமாகப் பெருகின. ஆனால் ஒட்சிசனைக் கலந்து அளந்து கொடுக்கும் கருவிகளும், கண் பார்க்கும் ஆட்களும் அதே வேகத்தில் பெருகவில்லை. அங்கெல்லாம் கொஞ்சம் நிறை கூடிய பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருகிறது. அதனால்தான் இந்தியாவில் 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்து 30 நாளுக்குள் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டல் வைத்திருக்கிறார்கள்.

வரலாறு படிக்கிறவர்களுக்கு எந்த ஆவணத்தைப் பார்த்தாலும் கேட்கப் பழக்கப்பட்ட ஒரு கேள்வி உண்டு: இதில் யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள்? இந்தக் கதையில் ஒரு தரம் கண் போனவர்களை எண்ணாமல் விட்டார்கள். அடுத்த தரம் செத்தவர்களை எண்ணாமல் விட்டார்கள். இரண்டு தரமும் விட்டவர்கள் நல்ல மனிதர்கள், உழைப்பாளிகள்.

கடைசியாக, நடைமுறையில் உதவும் ஒன்று. உங்கட வீட்டிலோ சொந்தத்திலோ ஒரு பிள்ளை மாதம் முந்திப் பிறந்தால், நிறை ஏறிவிட்டதா, பால் குடிக்கிறதா என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் ஒன்றைக் கூடுதலாகக் கேளுங்கோ: கண் பரிசோதனை எப்ப? குறித்த நாளைத் தவறவிடாதேங்கோ. ஒரு மாதம் பிந்தினால் சில நேரம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.